சத்தமில்லாமல் சொன்ன வசனங்கள்

என் வீட்டுக்காரர் நாடகத்தில் நடிக்கத் தொடங்கிய முதல் எட்டு வருஷமும் நான் மேடைக்கு இடப்பக்கம், ஓரமாகத் தொங்கும் திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். கையில் ஒரு கூஜா இருக்கும். அதில் சுக்குவெந்நீர். அவருக்குத் தொண்டை கட்டிவிடக் கூடாதே என்று நிற்கிறேன் என்றுதான் குழுவில் எல்லாரும் நினைத்தார்கள். நான் நின்ற காரணம் வேறு. அதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தோம்.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது ஆகிறது. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து நின்றால் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிற சுபாவம் எனக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாத்தியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், பதில் தெரியும், வாய் வராது. அப்படிப்பட்ட நான் நாடகத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருப்பக்கம் விடிந்ததிலிருந்து தறிச்சத்தம்தான். அவர் விசைத்தறி ஓட்டினார். நான் அதே கூடத்தில் தார் சுற்றினேன். ஊடு நூலைச் சின்னக் கட்டையில் சுற்றிக் கொடுத்தால், தறிக்காரர் அதைக் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைத்து ஓட்டுவார். அந்தக் கட்டைக்குப் பெயர்தான் தார். இருபத்துநாலு தறி ஓடுகிற இடம். பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்கூடத்தில் யாரும் கத்துவதில்லை. வாயை மட்டும் அசைப்போம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நூல் அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார் என்பதில் தொடங்கி, யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பது வரை எல்லாப் பேச்சும் அந்த உதட்டசைவில்தான் நடக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் ஒன்றும் விளங்காது. பிறகு பழகிவிடும். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது. குரலை எடுத்துப் பேசத்தான் எனக்குக் கூச்சம். குரலே வேண்டாம் என்றால் நானும் வாயாடிதான். கல்யாணம் பேசி முடித்த பிறகு, நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் இருந்த நாற்பது நாளும் அவரும் நானும் ஆறு தறிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசாத பேச்சு இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் எல்லாம் தெரிந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு இப்போது காது மந்தம். அந்தக் கூடத்தில் வேலை பார்த்த பாதிப் பேருக்கு அப்படித்தான். எங்கள் வீட்டில் அதனால் பெரிய சிரமம் இல்லை.

நாடகத்துக்கு வருகிறேன்.

அவர் ஆட்களைப் போலச் செய்து காட்டுவதில் கெட்டிக்காரர். முதலாளி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு படியேறுவது, புளியங்குடி பஸ் கண்டக்டர் சில்லறை இல்லை என்று சொல்லும்போது மூக்கைச் சொறிவது, எல்லாம் அப்படியே வரும். டீக்கடையில் ஒருநாள் இதைச் செய்துகொண்டிருந்தபோது தபால் ஆபீசில் வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவர் பார்த்திருக்கிறார். அவர் சொந்தமாக நாடகம் எழுதி, ஆறேழு பேரைச் சேர்த்துக் குழு நடத்தி வந்தார். ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் எங்கள் ஊரில், மற்ற மாதங்களில் புளியங்குடி, மேலநீலிதநல்லூர், இன்னும் கூப்பிட்ட ஊரிலெல்லாம் போய் நடிப்பார்கள். எல்லாரும் ஆபீசிலோ கடையிலோ வேலை பார்த்தவர்கள். தறிக்காரர் என்று சேர்ந்தது இவர் ஒருவர்தான்.

சேர்ந்த அன்றைக்கு ஒரு கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். கார்பன் வைத்து எழுதிய ஊதா எழுத்து. அதை அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. பஸ் போர்டு படிப்பார், தன் பெயர் எழுதுவார். அதற்கு மேல் வராது. சாப்பாடு ஆனதும் நான் எடுத்து வாசித்துக் காட்டினேன். வாசிக்க வாசிக்க அவருடைய கையும் கண்ணும் அந்த ஆளாகவே மாறிவிட்டன. ஆனால் திருப்பிச் சொல்லச் சொன்னால் வார்த்தை முன்பின்னாகப் போனது. பத்து நாள் வாசித்தேன். கருத்து நிற்கிறது, வார்த்தை நிற்க மாட்டேன் என்கிறது என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சிக்கு இரண்டு பிடிவாதம். அவர் எழுதியதில் ஒரு வார்த்தை மாறக் கூடாது. மேடைக்குப் பின்னாலிருந்து யாரும் வசனம் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. வாலிபத்தில் வேறொரு குழுவில் அவர் நடித்தபோது, பின்னாலிருந்து வசனம் சொன்னவர் குரல் மைக்கில் விழுந்து, நடிகர் பேசுவதற்கு முன்பே ஜனங்கள் வசனத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார்களாம். அதிலிருந்து அவருக்கு அந்த ஏற்பாடே ஆகாது. எங்கள் குழுவில் வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது என்று நோட்டீசிலேயே ஒரு வரி அச்சடித்திருப்பார்.

இவர் போய், என்னால் முடியாது அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வரத் தயாராகிவிட்டார். அந்த வாரம் ஒருநாள் கூடத்தில் தார் சுற்றிக்கொண்டே நான் அந்த நாடகத்தைச் சும்மா வாயில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாசித்து வாசித்து எனக்கு எல்லாம் மனப்பாடமாகி இருந்தது. நிமிர்ந்தால் எதிர்த் தறியிலிருந்து அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு, கையை வீசி, முகத்தைக் கோணி, அதே வசனத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை பிசகவில்லை. பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் தறியில் நூல் அறுந்து, நெய்துகொண்டிருந்த துண்டு ஒரு முழத்துக்கு வீணாய்ப் போயிருந்தது.

அப்படித்தான் கூஜாவோடு நான் மேடையோரம் நிற்க ஆரம்பித்தேன். அவர் தன்னுடைய முறை வரும்போது ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். நான் வாயை அசைப்பேன். அவர் பேசுவார். என் வாயிலிருந்து மூச்சுக்கூட வெளியே வராது. மைக் என்ன, பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்காது. ஓரத்தில் நின்று வாயை அசைப்பதை மற்றவர்கள் பார்த்தார்கள்தான். புருஷன் நன்றாக நடிக்க வேண்டும் என்று நான் மந்திரம் சொல்கிறேன் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த தம்பி ஒருவன் சின்னச் சின்ன வேஷம் கட்டுவான். அவன் ஒருநாள் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மதினி, எந்தச் சாமிக்குச் சொல்லுதிய? எனக்கும் சேத்து ரெண்டு வரி சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு மட்டும் மீசை கழண்டு விழுது."

நான் சிரித்துவிட்டுக் கூஜாவைத் திறந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன்.

பெண் வேஷத்துக்கு மதுரையிலிருந்து ஒரு அம்மா வருவார். பதினோரு வயதில் மேடை ஏறினவர். நாடகம் நடக்கிற அன்றைக்கு மத்தியானப் பஸ்ஸில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்குவார். அதுவரை அவருக்குக் கதையே தெரியாது. சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காகிதத்தைப் புரட்டுவார். முடிந்தது. சாயங்காலம் மேடையில் ஒரு எழுத்துத் தவறாது. நாலு ஜில்லாவில் எத்தனையோ குழுவுக்கு அவர்தான் கதாநாயகி. "ஒரு வாரத்துல அஞ்சு பேருக்குப் பொண்டாட்டியா இருந்திருக்கேன் தாயி, ஒருத்தன்கூட ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல" என்பார். முகத்துக்கு அரிதாரம் பூசும்போது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். நான் பேச மாட்டேன் என்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

இப்படி எட்டு வருஷம் போனது. இவருக்கென்று ஒரு கூட்டம் உண்டாகியிருந்தது. இவர் பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தி ஓரமாகப் பார்ப்பதுதான் சிரிப்பு என்று ஜனங்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் அப்படிப் பார்த்துக் காட்டுவார்கள்.

பிறகுதான் மெட்ராஸ் கடிதம் வந்தது. வெளியூர் நாடகக் குழுக்களுக்கு அரை மணி நேரம் கொடுத்து டெலிவிஷனில் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணாச்சி எழுதிப் போட்டிருந்தார். தேர்வாகிவிட்டது. குழுவைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில், வசனம் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் அறவே கிடையாது என்று எழுதியிருந்ததை எங்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர்கள் கேட்டிருந்தது ஒரு சிரிப்பு நாடகம். மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய ஒருவர், தெரு மாறி வேறு யார் வீட்டுக்கோ போய்விடுகிறார். அந்த வீட்டு அம்மாள், தன் புருஷனுக்கு வேண்டியவர் யாரோ என்று நினைத்து உபசரிக்கிறாள். வந்தவர் கேசரி சாப்பிட்டு, காபிக்குக் குறை சொல்லி, சீர்வரிசை வரைக்கும் பேசி முடித்துவிடுகிறார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நீங்க தேடுற வீடு அடுத்த தெருல்லா" என்று சொல்கிறார். பெண் பார்க்கப் போகும் சம்பந்தக்காரராக என் வீட்டுக்காரர். வீட்டு அம்மாள், மதுரை அம்மா. பக்கத்து வீட்டுக்காரராக ஒரே ஒரு வரி பேச ஜவுளிக்கடைத் தம்பி.

நீ வரவில்லை என்றால் நானும் போகவில்லை என்று இவர் என்னிடம் சொன்னார். குழுவில், என் வீட்டுக்காரி கடல் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லிவைத்தார். அண்ணாச்சி ஒத்துக்கொண்டார், முணுமுணுப்போடு. "எல்லாரும் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்தா ரயில்ல நான் எங்கவே உக்கார?"

அந்த ரயில் பயணத்தைப் போல இன்னொன்று எனக்கு வாய்க்கவில்லை. புளிச்சோற்றுப் பொட்டலங்களும் வேஷப் பெட்டியும் ஒரு கேசரித் தட்டுமாக ஒரே பெட்டியில் ஏறினோம். மெட்ராசில் தட்டு கிடைக்காதா என்று யாரும் யோசிக்கவில்லை. மதுரையில் அந்த அம்மா ஏறிக்கொண்டார். வழியெல்லாம் இவரைச் சம்பந்தக்காரரே என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் டெலிவிஷன் நடிகர் என்று இவரைத் தறி ஓட்ட விடுவார்களோ மாட்டார்களோ என்று ஜவுளிக்கடைத் தம்பி கவலைப்பட்டான். இவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நடுநடுவே மட்டும் என் பக்கம் திரும்பி, வாயை அசைத்து, "அங்கன நிக்க இடம் இருக்கும்லா?" என்று கேட்டார். இருக்கும் என்று நானும் வாயை அசைத்தேன். மேடை என்றால் ஓரம் என்று ஒன்று இல்லாமலா போய்விடும்.

டெலிவிஷன் நிலையத்தில் எங்கள் எல்லாரையும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் நடிக்கிறவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். என்னை வெளியே ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இவர் கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. கதவு மூடிக்கொண்டது.

உள்ளே நடந்ததைப் பிறகு ஜவுளிக்கடைத் தம்பி சொல்லக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். அங்கே மேடையே இல்லையாம். பெரிய அறையின் நடுவில் மூன்று பக்கம் சுவர் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாலாவது பக்கம் கேமரா. ஓரத்திரை, பின்திரை ஒன்றும் கிடையாது. ஒத்திகை பார்க்கச் சொன்னதும் இவர் முதல் வசனத்துக்கு முன் பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்திருக்கிறார். அங்கே ஒரு காலண்டர் தொங்கியதாம். நின்றுவிட்டார். நிகழ்ச்சியை எடுக்கிறவர், சார், அந்த அம்மா உங்களுக்கு எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பார்த்துப் பேசுங்கள் என்று நிதானமாகச் சொன்னாராம். இவர் அந்த அம்மாவைப் பார்த்தார், மறுபடி காலண்டரைப் பார்த்தார். இரண்டாம் தடவையும் அப்படி. மூன்றாம் தடவை ஒரு வசனத்தைப் பாதி சொல்லி, அதற்கு அடுத்த வசனத்தின் வாலைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. எட்டு வருஷம் ஒரு வார்த்தை பிசகாதவன் இன்றைக்குப் பார்த்து இப்படிச் செய்கிறானே என்று. எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. வேறு யாருக்காவது இந்தப் பாடம் தெரியுமா என்று நிலையத்துக்காரர் கேட்டாராம்.

அப்போதுதான் மதுரை அம்மா வெளியே வந்து என் முன்னால் நின்றார். கேசரித் தட்டு அவர் கையிலேயே இருந்தது.

"எந்திரி தாயி. உள்ள வந்து சொல்லிக் குடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன சொல்வது, நான் மந்திரம் என்று ஏதோ உளறினேன்.

"மந்திரமா? முத நாளே உன் வாயைப் பாத்தேன். நான் பேச வேண்டியதையும் சேத்துல்ல நீ சொல்லிக்கிட்டு நின்ன. யார்கிட்டயும் நான் வாயத் திறக்கல. இப்ப வேற வழியில்ல. அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டேன்."

உள்ளே அண்ணாச்சி ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. நோட்டீசில் எட்டு வருஷமாக அச்சடித்த வரியை யாரோ அவர் கண் முன்னால் கோடு போட்டு அடித்துவிட்ட மாதிரி ஒரு முகம். நிலையத்துக்காரர்தான் உற்சாகமாகிவிட்டார். சத்தமே வராது என்றால் ரொம்ப நல்லது, இங்கே கேமராவை ஒட்டி நில்லுங்கள், அவர் உங்களைப் பார்த்தால் போதும், படத்தில் சரியாக இருக்கும் என்றார்.

என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அம்மா, அரை அடி இந்தப் பக்கம். இல்லை, கொஞ்சம் முன்னால். விளக்குச் சூடு ஒரு பக்கம், ஏ.சி. மெஷின் குளிர் ஒரு பக்கம். காதில் கருவி மாட்டிய இரண்டு பேர், வயர் பிடித்த ஒருவர், விளக்குக்கு மேலே ஏறி நின்ற ஒருவர், எல்லாரும் என் வாயைத்தான் பார்க்கிறார்கள். இந்த வாய் எதற்கு வந்திருக்கிறது என்று அறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. திரைக்குப் பின்னால் நின்றபோது என்னை அவர் ஒருவர்தான் பார்த்தார். தறிக்கூடத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், நான் தனியாகத் தெரிவதில்லை. இங்கே நான்தான் வேடிக்கை.

மதுரை அம்மா தன் வசனத்தைச் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார்.

வசனம் எனக்குத் தெரியும். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். "காபியில சீனி கம்மிதான், பரவாயில்ல, பொண்ணு எடுக்க வந்த இடத்துல பொறுமையா இருக்கணும்னு வீட்டுல சொல்லி அனுப்பிச்சிருக்கா." இவ்வளவுதான். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்ற அதே பிள்ளை மாதிரி நிற்கிறேன். கை தானாக மேலே போய்ச் சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டது.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அவளுக்குக் கூச்சம், சார். அவளை விட்டுருங்க. இந்தத் தம்பிக்கு எல்லாப் பாடமும் தெரியும், அவன் பண்ணட்டும்."

இன்னொரு தடவை பார்க்கலாமே என்றார் நிலையத்துக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவர் தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்து ஜவுளிக்கடைத் தம்பி தோளில் போட்டார். அவன் வேண்டாம் அண்ணே, வேண்டாம் அண்ணே என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தான். ஒத்திகையெல்லாம் கூட இருந்து பார்த்தவன் அவன். தட்டுத் தடுமாறிப் பிடித்துக்கொண்டான். கடைசியில் இவர் எட்டிப் பார்த்து, அந்த ஒரு வரியைச் சொன்னார். நான் மறுபடி பெஞ்சுக்கு வந்துவிட்டேன்.

கடல் பார்க்கப் போனோம். சொன்னதற்காகப் போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை கால் வரைக்கும் வந்து போனது. அவர் சுண்டல் வாங்கிக் கொடுத்தார்.

ரயிலில் யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அண்ணாச்சி விருதுநகர் வரைக்கும் பேசவே இல்லை. விருதுநகர் தாண்டியதும் என்னைப் பார்த்து, சுக்குவெந்நீர் இருக்கா என்றார். ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, எட்டு வருஷமும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாயா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். நல்லது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நாடகம் டெலிவிஷனில் வந்தபோது எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அந்த நாளில் மெட்ராஸ் படம் எங்கள் ஊருக்கு வராது. உயரமாக ஏரியல் நட்டிருந்த ஒன்றிரண்டு வீட்டில் இலங்கைப் படம்தான், அதுவும் மழை பெய்கிற மாதிரி, தெரியும். ஜவுளிக்கடைத் தம்பியின் மாமா ஒருவர் மெட்ராசிலிருந்து கார்டு எழுதியிருந்தார். எல்லாம் நன்றாக இருந்தது, கேசரி நிஜமாகவே சாப்பிட்டாயா என்று கேட்டு. பாவம் அவனுக்கு அந்தக் கார்டு ஒன்றுதான் மிச்சம்.

எனக்கு அந்த நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனுஷருக்கு வாழ்க்கையில் ஒரு தடவை கதவு திறந்தது, என் வாய் திறக்காததால் அது மூடிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போலத் தறி ஓட்டினார், வழக்கம்போலச் சிரித்தார். எனக்காகச் சிரிக்கிறாரோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கரண்ட் போனது. கரண்ட் போனால் கூடம் திடீரென்று அமைதியாகிவிடும். கொஞ்ச நேரத்துக்குப் பேசுவதற்கே ஒரு மாதிரி இருக்கும். கடைக்குத் துண்டு எடுத்துப் போக ஜவுளிக்கடைத் தம்பி வந்திருந்தான். தறிக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மெட்ராஸ்ல என்னதான் பண்ணுனிய? நாங்க பாக்கலல்லா. இங்கன பண்ணிக் காட்டும் வே."

அவன் கூச்சப்பட்டான். இவர்தான் ஒரு நூல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவனை உட்கார வைத்தார். தார் சுற்றுகிற வயதான அக்கா ஒருத்தி வீட்டு அம்மாளாக உட்கார்ந்தாள். வசனம் தெரியாததால் ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்று மட்டும் சொன்னாள். அதற்கே எல்லாரும் சிரித்தார்கள். இவர் பக்கத்து வீட்டுக்காரர் அல்லவா, வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றார். நான் இவருக்குப் பின்னால் வெகுதூரத்தில் என் தார் மெஷின் பக்கம் இருந்தேன்.

சீர்வரிசைக் கட்டத்தில் தம்பி மறந்துவிட்டான். மெட்ராசில் சொன்னது இங்கே வரவில்லை. தொடையைத் தட்டிக்கொண்டு யோசித்தான். நான் என் இடத்திலிருந்தே வாயை அசைத்தேன், பழக்கதோஷம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. தூணில் சாய்ந்தபடி, திரும்பாமலே, அவர் அந்த வசனத்தைச் சொன்னார். தம்பி எழுந்து நூல் பெட்டியை அவரிடம் தள்ளினான். அவர் உட்கார்ந்து அதற்கடுத்ததைச் சொன்னார், அதற்கும் அடுத்ததைச் சொன்னார். கேசரி யார் வீட்டுக் கேசரி என்று தெரிந்து எழுந்து ஓடும் கடைசி வரைக்கும் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. எனக்குத் தெரியும், நான் ஒவ்வொரு வார்த்தையாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார். வந்தவரும் நின்று பார்த்தார்.

அன்று வேலை விட்டு வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். குரலெடுத்துத்தான் கேட்டேன்.

"எப்ப மனப்பாடம் பண்ணுனிய?"

"பண்ணலையே. நீ சொல்லிச் சொல்லி உள்ள போயிருக்கும்."

"மெட்ராஸ் போகும்போதே தெரியுமா?"

தெரிந்துதான் இருக்க வேண்டும் என்றார் அவர். முதலில் என்னைக் காணாததால் பயத்தில் எல்லாம் போய்விட்டதாம்.

"நான் வந்த பெறகு?"

"நீ வந்து நின்னே. எல்லாவனும் உன்னையே பாத்தானுவ. நீ வாயப் பொத்திக்கிட்டே. அந்நேரம் எனக்கு வசனமா நினைப்பு வரும்? உன்னை முதல்ல அங்கனருந்து வெளிய அனுப்பணும்னுதான் இருந்துது."

அழுகை வந்தது, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்ததால் அழவில்லை.

மறு வாரம் அண்ணாச்சி புது நாடகத்தைக் கொடுத்தனுப்பினார். அதே கார்பன் எழுத்து. வழக்கம்போல வாசித்துக் காட்டினேன். மேலநீலிதநல்லூரில் நடக்கப் போகிறது என்று சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் வாசித்த பிறகு, ஒருநாள் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"இந்தத் தடவை நான் முன்னால ஜனங்களோட உக்காந்து பாக்கப் போறேன். இத்தனை வருஷத்துல உங்க நாடகத்தை நான் நேரா பாத்ததே இல்ல."

அவருக்கு அது பயமாகத்தான் இருந்திருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பார்த்தேன்.

"எத்தனாவது வரிசையில இருப்பே?" என்று கேட்டார்.

மூன்றாவது வரிசையில், பெண்கள் பக்கம் இருப்பேன் என்று சொன்னேன்.